சீருடையைக் கழற்றாமல் சிவில் நாற்காலியா?
இந்தோனேசியா படித்த பாடமும் மறக்கத் தொடங்கியுள்ள பாடமும்

ஓர் இராணுவத் தளபதி பணி ஓய்வு பெறுகிறார். சில ஆண்டுகள் கழித்துத் தேர்தலில் நின்று, வென்று, அமைச்சராகிறார். இதைப் பெரும்பாலான நாடுகளில் யாரும் குறையாகச் சொல்வதில்லை. அதே தளபதி, இராணுவத்தில் பணியில் இருக்கும்போதே ஒரு மாநிலத்தின் ஆளுநராகவோ, அரசாங்க நிறுவனத்தின் தலைவராகவோ நியமிக்கப்பட்டால்? ஒரு போலீஸ் உயர் அதிகாரி, போலீஸ் படையிலிருந்து விலகாமலேயே ஓர் அமைச்சின் உயர் பதவியில் அமர்த்தப்பட்டால்? அப்போதும் ஆள் அதே ஆள்தான். திறமையும் அதே திறமைதான். ஆனால் ஏதோ ஒன்று மாறிவிடுகிறது. மாறுவது எது என்பதை விளக்குவதற்கு இந்தோனேசியாவை விடப் பொருத்தமான நாடு இந்த வட்டாரத்தில் இல்லை.

2025 மார்ச் 20-ஆம் தேதி இந்தோனேசிய நாடாளுமன்றம், இராணுவம் பற்றிய 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. பணியில் இருக்கும் இராணுவத்தினர் பதவி விலகாமல் பணியாற்றக்கூடிய சிவில் துறைகளின் எண்ணிக்கை 10-லிருந்து 14 ஆக உயர்ந்தது. கேட்பதற்கு இது சிறிய மாற்றம். நான்கு துறைகள் கூடியதற்காகவா ஜகார்த்தா, ஜோக்ஜகார்த்தா, சுரபாயா என்று நகரம் நகரமாக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்? அவர்கள் ஏந்திய பதாகைகளில் இருந்த வாசகம் ‘கெம்பாலி கெ பாராக்’ என்பதாகும். மலாய் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. ‘பாசறைக்குத் திரும்பு’ என்பது பொருள். 1998-இல் அவர்களின் பெற்றோர் தலைமுறை எழுப்பிய கோரிக்கையும் இதுதான்.

தொடங்கிய இடம்

இந்தக் கதை 1957-இல் தொடங்குகிறது. சுமத்ராவிலும் சுலாவெசியிலும் கிளர்ச்சிகள் தலைதூக்கிய நேரத்தில், அந்த ஆண்டு மார்ச் மாதம் அதிபர் சுகார்னோ நாடு முழுவதும் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். வட்டாரத் தளபதிகளுக்குச் சிவில் அதிகாரமும் கைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டச்சுக்காரர்களின் தோட்டங்களும் நிறுவனங்களும் கைப்பற்றப்பட்டன. அவற்றை நடத்தப் போதுமான நிர்வாகிகள் இல்லாத சூழலில், இராணுவ அதிகாரிகளே மேலாளர் நாற்காலிகளில் அமர்ந்தனர்.

அடுத்த ஆண்டு, 1958 நவம்பரில், தரைப்படைத் தலைவர் நசுத்தியோன் மகெலாங் நகரில் இருந்த இராணுவக் கழகத்தில் ஆற்றிய உரையில் இதற்கு ஒரு கொள்கை வடிவம் கொடுத்தார். இந்தோனேசிய இராணுவம் ஆட்சியைப் பிடிக்காது. அதே சமயம் அரசியலுக்கு வெளியே கைகட்டி நிற்கும் கருவியாகவும் இருக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழியில் செல்லும் என்றார். இந்த ‘நடுவழி’ கொள்கைதான் பிற்காலத்தில் ‘டுவிஃபுங்சி’, அதாவது இரட்டைப் பணி, என்று பெயர் பெற்றது. நாட்டைக் காப்பது ஒரு பணி. நாட்டை நிர்வகிப்பதில் பங்கெடுப்பது இன்னொரு பணி.

அன்றைய நிலையில் இதற்கு நியாயம் இருந்தது. சுதந்திரப் போரில் உருவான இராணுவம் அது. படித்த நிர்வாகிகள் குறைவு. நாடோ ஆயிரக்கணக்கான தீவுகளில் சிதறிக் கிடந்தது. அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். ஆனால், இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்களே, அதுதான் பின்பு நடந்தது.

32 ஆண்டுகள்

1966 மார்ச்சில் அதிகாரத்தைக் கைப்பற்றி, 1968-இல் முழு அதிபரான ஜெனரல் சுகார்த்தோ, இரட்டைப் பணியை ஆட்சியின் முதுகெலும்பாக ஆக்கினார். சிவில் பதவிகளுக்கு இராணுவத்தினரை அனுப்புவதற்கென்றே ‘கெகார்யாஆன்’ என்ற தனி ஏற்பாடு இருந்தது. அமைச்சர்கள், தலைமைச் செயலாளர்கள், தூதர்கள், ஆளுநர்கள், புப்பாத்தி எனப்படும் மாவட்டத் தலைவர்கள் என்று ஆயிரக்கணக்கான பதவிகள் சீருடைக்காரர்களுக்குப் போயின. 1970-களில் மாநில ஆளுநர்களில் பெரும்பாலோர் இராணுவத்தைச் சேர்ந்தவர்களே.

நாடாளுமன்றத்திலும் அவர்களுக்கு ஒதுக்கீடு இருந்தது. 1987 தேர்தலுக்குப் பிறகு 500 இடங்களில் 100 இடங்கள் ஆயுதப் படையினருக்கு நியமனமாக வழங்கப்பட்டன. இராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் வாக்குரிமை இல்லை என்பதே அந்த ஒதுக்கீட்டுக்குச் சொல்லப்பட்ட காரணம். வாக்களிக்காதவர்கள், யாருடைய வாக்கும் பெறாதவர்கள், நாட்டின் சட்டமன்றத்தில் ஐந்தில் ஒரு பங்காக அமர்ந்திருந்தார்கள்.

இதைவிட ஆழமானது கிராமம் வரை நீண்ட இராணுவக் கட்டமைப்பு. மாநில அளவில் ஒரு வட்டாரத் தளபதி, மாவட்டத்துக்கு ஒரு தளபதி, அதற்குக் கீழ் உட்கோட்டத்துக்கு ஒரு நிலையம், கிராமத்துக்கு ஒரு ‘பாபின்சா’ சிப்பாய். சிவில் நிர்வாகத்தின் ஒவ்வொரு படிக்கும் எதிரே ஓர் இராணுவப் படி. மாவட்டத் தலைவரும் இராணுவத்திலிருந்து வந்தவர் என்றால், நிலத்தகராறு பற்றிப் புகார் கொடுக்க வரும் விவசாயிக்கு இரண்டு கதவுகளிலும் ஒரே சீருடைதான் தெரியும்.

இதன் விலை என்ன என்பதற்கு பெர்த்தாமினா ஒரு பெரிய உதாரணம். அரசாங்க எண்ணெய் நிறுவனமான அதன் தலைவராக இருந்தவர் ஜெனரல் இப்னு சுத்தோவோ. எண்ணெய் விலை ஏறிய காலத்தில் அவர் கப்பல், உருக்காலை, ஹோட்டல் என்று கடன் வாங்கி விரித்துக்கொண்டே போனார். நிதி அமைச்சில் இருந்த பொருளாதார வல்லுநர்களால் அவரைக் கட்டுப்படுத்த முடியவில்லை. 1975-இல் நிறுவனம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றது. கணக்குப் பார்த்தபோது கடன் 10 பில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது. 1976-இல் அவர் பதவி நீக்கப்பட்டார். ஆனால் அந்தச் சுமையைத் தாங்கியது அரசாங்கக் கருவூலம்.

அவர் ஜெனரல் என்பதால்தான் இப்படி நடந்தது என்று சொல்லிவிட முடியாது. சீருடை அணியாதவர்களும் நிறுவனங்களைக் கவிழ்த்திருக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அவரைக் கேள்வி கேட்க வேண்டிய சிவில் அதிகாரிகளுக்கு, ஒரு ஜெனரலைக் கேள்வி கேட்கும் துணிவும் இல்லை. அதற்கான வழியும் இல்லை.

1998-க்குப் பிறகு

1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. ரூப்பியா சரிந்தது. 1998 மே 12-ஆம் தேதி ஜகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மே 21-ஆம் தேதி சுகார்த்தோ பதவி விலகினார். ‘ரெஃபோர்மாசி’ எனப்படும் சீர்திருத்த காலத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று, இரட்டைப் பணியை ஒழிப்பது.

வியப்பு என்னவென்றால், அது பெருமளவில் நடந்தது. அதுவும் பெரிய இரத்தக்களரி இல்லாமல் நடந்தது. 1999 ஏப்ரல் 1-ஆம் தேதி போலீஸ் படை இராணுவத்திலிருந்து பிரிக்கப்பட்டது. சிவில் பதவியில் இருந்த இராணுவ அதிகாரிகளுக்கு இரண்டு வழிகள் மட்டும் வைக்கப்பட்டன: பாசறைக்குத் திரும்பு, அல்லது சீருடையைக் கழற்று. நாடாளுமன்ற ஒதுக்கீடு 1999-இல் 38 இடங்களாகக் குறைந்து, 2004-இல் முற்றாக மறைந்தது. 1999-இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹிட், பேராசிரியர் ஜுவோனோ சுடர்சோனோவைத் தற்காப்பு அமைச்சராக்கினார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த முதல் சிவிலியன் அவர்.

2002-ஆம் ஆண்டு போலீஸ் சட்டமும் 2004-ஆம் ஆண்டு இராணுவச் சட்டமும் ஒரே விதியைச் சொல்லின. வெளிப்பதவி வேண்டுமானால் முதலில் பதவி விலக வேண்டும் அல்லது ஓய்வு பெற வேண்டும். இராணுவத்துக்கு மட்டும் 10 துறைகள் விதிவிலக்கு. தற்காப்பு அமைச்சு, உளவுத்துறை, தேடி மீட்கும் நிறுவனம், போதைப்பொருள் ஒழிப்பு வாரியம் போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. படைத்தொழிலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவை என்பதே அதற்கான விளக்கம்.

இந்த விதி இராணுவத்தினரின் எதிர்காலத்தை அடைத்துவிட்டதா? இல்லை. லெஃப்டினன்ட் ஜெனரலாக இருந்த சுசிலோ பம்பாங் யுதயோனோ சீருடையைக் கழற்றி அமைச்சரவைக்கு வந்தார். 2004-இல் மக்கள் நேரடியாக வாக்களித்த முதல் அதிபர் தேர்தலில் வென்றார். 2009-இல் மீண்டும் வென்றார். அவருடைய மகன் அகுஸ் 2016-இல் மேஜர் பதவியை விட்டு விலகி ஜகார்த்தா ஆளுநர் தேர்தலில் நின்றார். தோற்றுப்போனார். தோற்றவர் இராணுவத்துக்குத் திரும்ப முடியவில்லை. விலகல் என்றால் விலகல்தான்.

இங்கே ஒரு முரண்பாடு கண்ணில் படுகிறது. மக்களிடம் வாக்குக் கேட்டு வருகிற இராணுவ அதிகாரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர வேண்டும். நியமனம் பெற்று வருகிறவர் மட்டும் சீருடையோடு வந்து, வேலை முடிந்ததும் சீருடையோடு திரும்பிப் போகலாம் என்றால், மக்களிடம் போகும் பாதையை விட மேலிடத்துக்குப் போகும் பாதை எளிதாகிவிடாதா?

பின்கதவு எப்படித் திறந்தது?

சட்டம் கடுமையாக இருந்தாலும் அதைச் சுற்றிப் போக வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2018 ஜூனில் மேற்கு ஜாவா மாநிலத்தில் ஆளுநரின் தவணை முடிந்தது. புதிய ஆளுநர் வரும் வரை இடைக்கால ஆளுநராகப் போலீஸ் உயர் அதிகாரி முகமது இரியவான் நியமிக்கப்பட்டார். சட்டப்படி அந்தப் பதவிக்கு உயர்நிலைச் சிவில் அதிகாரி தேவை. எனவே அவர் அதற்கு முன்பே தேசியத் தற்காப்புக் கழகத்தின் தலைமைச் செயலாளராக மாற்றப்பட்டிருந்தார். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பதவியேற்பு நடந்தது ஜூன் 18. மாநிலத் தேர்தல் ஜூன் 27. துணை ஆளுநர் வேட்பாளர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற போலீஸ் ஜெனரல். இடைக்கால ஆளுநர் நடுநிலை தவறினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை; அந்த வேட்பாளரும் தோற்றார். ஆனாலும் தேர்தல் நேரத்தில் இப்படி ஒரு சந்தேகம் எழ இடம் கொடுத்ததே தவறு என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர்.

2022-இல் கதவு அகலமாகத் திறந்தது. வட்டாரத் தேர்தல்கள் அனைத்தையும் 2024-இல் ஒரே நாளில் நடத்துவதென்று முடிவாகியிருந்தது. அதனால் 2022-இல் 101 வட்டாரங்களும் 2023-இல் 170 வட்டாரங்களும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் நியமனத் தலைவர்களின் கீழ் வந்தன. சில இடங்களில் இந்த இடைக்காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. 2022 ஏப்ரலில் அரசியல் சட்ட நீதிமன்றம், பணியில் இருக்கும் இராணுவத்தினரும் போலீசாரும் வெளிப்பதவிகளுக்கு வருவது பற்றிய சட்டக் கட்டுப்பாட்டை நினைவூட்டியது. அடுத்த மாதமே மலுக்கு மாநிலத்தின் மேற்கு செராம் மாவட்டத்துக்குப் பணியில் இருந்த ஒரு பிரிகேடியர் ஜெனரல் தலைவராக நியமிக்கப்பட்டார். அவர் உளவுத்துறையின் வட்டாரத் தலைவராக இருந்தவர்; உளவுத்துறை விதிவிலக்குப் பட்டியலில் உள்ளது; ஆகவே தடையில்லை என்றது அரசாங்கத் தரப்பு. 10 துறைகளுக்கு மட்டும் கொடுத்த விதிவிலக்கு, பதினோராவது இடத்துக்குப் போகும் ஏணியாக மாறியது இப்படித்தான்.

யார் விசாரிப்பது?

2023 ஜூலையில் நடந்த ஒரு சம்பவம், இந்தப் பிரச்சினையின் மையத்தை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தது. தேடி மீட்கும் நிறுவனமான பாசார்னாஸின் தலைவராக இருந்த விமானப்படை உயர் அதிகாரியை, ஊழல் ஒழிப்பு ஆணையம் சந்தேக நபராக அறிவித்தது. கொள்முதல் குத்தகைகளில் 88.3 பில்லியன் ரூப்பியா லஞ்சம் கைமாறியதாகச் சந்தேகம். கப்பல் கவிழ்ந்தால், விமானம் விழுந்தால் முதலில் ஓட வேண்டிய நிறுவனம் அது. பணமோ பொதுமக்களின் வரிப்பணம்.

ஆனால் இராணுவத் தலைமையகம் ஆட்சேபம் எழுப்பியது. அவர் பணியில் இருக்கும் இராணுவ அதிகாரி; அவரை விசாரிக்கும் அதிகாரம் இராணுவப் போலீசுக்கே உண்டு என்றது. ஓரிரு நாள்களில் ஊழல் ஒழிப்பு ஆணையத்தின் துணைத் தலைவர் ஒருவர் மன்னிப்புக் கேட்டார். வழக்கு இராணுவப் போலீஸின் கைக்குப் போனது. அது அவரைத் தடுத்து வைத்தது. லஞ்சம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வணிகர்கள் சாதாரண நீதிமன்றத்துக்கும், வாங்கியதாகச் சொல்லப்பட்டவர் இராணுவ நீதித்துறைக்கும் உரியவர்கள் என்று ஒரே வழக்கு இரண்டாகப் பிளந்தது.

2024 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம், ஊழல் ஒழிப்பு ஆணையம் முதலில் கண்டுபிடித்துத் தொடங்கிய வழக்கு என்றால் இராணுவத்தினரையும் அதுவே விசாரிக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. அது நல்ல திருத்தம். என்றாலும் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. சிவில் பதவியில் சீருடையோடு இருப்பவருக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அவருடைய அன்றாட வேலையை அமைச்சர் பார்க்கிறார். ஆனால் பதவி உயர்வையும் இடமாற்றத்தையும் படைத் தலைவர் முடிவு செய்கிறார். இருவரின் விருப்பமும் மோதினால், அவர் யார் சொல்வதைக் கேட்பார்? 25, 30 ஆண்டுகள் கட்டளைக்குக் கீழ்ப்படிவதே கடமை என்று பழகியவரிடம் இதைக் கேட்பது அவருக்கும் நியாயமான சோதனை அல்ல.

ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணங்கள்

இந்த நியமனங்களை ஆதரிப்பவர்கள் எல்லோரும் பழைய ஆட்சியை விரும்புகிறவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் முக்கியமாக மூன்று காரணங்கள் சொல்கிறார்கள்.

முதலாவது, கட்டொழுங்கு. கோப்பு மேசையில் மாதக்கணக்கில் தூங்கும் நாட்டில், ‘இன்றைக்குள் முடி’ என்று சொல்லி முடித்துக் காட்டுகிறவரை மக்கள் விரும்புவது இயல்பு. இராணுவம் பொதுமக்களிடையே மதிப்புப் பெற்ற அமைப்பாகவும் இருக்கிறது.

இரண்டாவது, பேரிடர். நிலநடுக்கமும் எரிமலையும் வெள்ளமும் ஓயாத நாடு அது. லாரி, ஹெலிகாப்டர், கப்பல், ஆள்பலம் எல்லாம் இராணுவத்திடம் இருக்கின்றன. இது உண்மைதான். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமியை நினைத்துப் பார்க்க வேண்டும். அச்சேயில் முதல் நாள்களின் மீட்புப் பணியில் படையினரின் உதவி விலைமதிப்பற்றது; சிங்கப்பூர், மலேசியப் படையினரும் அங்கே சென்று உழைத்தனர். அதன் பிறகு வீடு, பள்ளிக்கூடம், சாலை என்று நான்கு ஆண்டுகள் நடந்த மறுசீரமைப்புப் பணிக்குத் தலைமை தாங்கியவர் பொறியியல் படித்த சிவிலியனான குந்தோரோ மங்குசுப்ரோதோ. உலக அளவில் பாராட்டுப் பெற்ற பணி அது. மீட்பதற்கு ஒரு திறமை. மீண்டும் கட்டுவதற்கு வேறொரு திறமை.

மூன்றாவது காரணம் வெளிப்படையாக அதிகம் பேசப்படுவதில்லை. இந்தோனேசிய இராணுவத்தில் பதவிகளை விட அதிகாரிகள் அதிகம். 2004 சட்டம் அதிகாரிகளின் ஓய்வு வயதை 55-லிருந்து 58 ஆக உயர்த்தியது. மேலே உள்ளவர்கள் நகரவில்லை. கீழே இருப்பவர்கள் ஏற இடமில்லை. நூற்றுக்கணக்கான கர்னல்கள் உரிய பொறுப்பின்றிக் காத்திருந்தார்கள். 2019-இல் அவர்களை அமைச்சுகளில் அமர்த்தலாம் என்று யோசனை வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. நெரிசலுக்குத் தீர்வு ஆளெடுப்பையும் பதவி உயர்வையும் சீர்செய்வதுதான். 2025 திருத்தமோ ஓய்வு வயதை மேலும் உயர்த்தியது; உயர் அதிகாரிகளுக்கு 62 வரை, நான்கு நட்சத்திர ஜெனரல்களுக்கு 63 வரை. பாத்திரம் நிரம்பி வழியும்போது குழாயை இன்னும் திறந்துவிட்ட கதை இது.

இந்த மூன்று காரணங்களிலும் பேசப்படாத ஒரு தரப்பு உண்டு. சிவில் சேவையில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்து, தேர்வெழுதி, தீவு தீவாக மாற்றலாகி, 30 ஆண்டுகளில் துறைத் தலைவர் பதவியின் வாசலுக்கு வந்து நிற்பவர். வெளியிலிருந்து ஒரு ஜெனரல் வந்து அந்த நாற்காலியில் அமர்ந்தால், அவருக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் ஒரு படி நின்றுவிடுகிறார்கள். உழைத்தால் உச்சிக்குப் போகலாம் என்ற நம்பிக்கை போனால், திறமையான இளையோர் அரசாங்கச் சேவைக்கு ஏன் வர வேண்டும்?

மற்ற நாடுகளில் எப்படி?

சிங்கப்பூரில் இராணுவத்திலிருந்து வந்த அமைச்சர்களும் தலைமைச் செயலாளர்களும் குறைவில்லை. பிரிகேடியர் ஜெனரலாக இருந்த லீ சியன் லூங் 1984-இல் படையை விட்டு விலகித் தேர்தலில் நின்றார். தரைப்படைத் தலைவராக இருந்த சான் சுன் சிங் 2011-இல் அவ்வாறே செய்தார். ஜெனரல்கள் இத்தனை பேர் வருவது சரிதானா என்ற விவாதம் அங்கும் உண்டு. ஆனால் சீருடையைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். இராணுவத்துக்குத் திரும்பிப் போவதில்லை.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரி தற்காப்பு அமைச்சராக 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பின்னர் அது 7 ஆண்டுகளாகக் குறைந்தது. 1950-இல் மார்ஷல், 2017-இல் மேட்டிஸ், 2021-இல் ஆஸ்டின் ஆகிய மூவருக்கும் நாடாளுமன்றம் தனி விலக்கு அளிக்க வேண்டியிருந்தது.

விலகிவிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்வியை இலங்கை எழுப்புகிறது. போர் முடிந்த 2009-இல் வட மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டவர் ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி. அதற்கு முன் யாழ்ப்பாணப் பாதுகாப்புப் படைத் தளபதியாக இருந்தவர். 2013 தேர்தலில் 38 இடங்களில் 30 இடங்களை வென்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, சிவில் ஆளுநர் ஒருவரைத் தொடர்ந்து கேட்டது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகே முன்னாள் தூதர் பாலிஹக்கார அந்த இடத்துக்கு வந்தார். சட்டப்படி சந்திரசிறியும் சிவிலியன்தான். ஆனால் சோதனைச் சாவடிகளைக் கடந்து வாழ்ந்த மக்களுக்கு, நேற்றைய தளபதி இன்றைய ஆளுநர் என்பது ஆட்சி மாற்றமாகத் தெரியவில்லை. சீருடையைக் கழற்றுவது குறைந்தபட்ச நிபந்தனை. மக்களின் நம்பிக்கை அதற்கும் மேலே வைக்கப்பட வேண்டியது.

2025: இரண்டு திசைகள்

2024 அக்டோபரில் அதிபரான பிரபோவோ சுபியந்தோ, சிறப்புப் படையின் முன்னாள் தளபதி. சுகார்த்தோவின் முன்னாள் மருமகன். அவருடைய ஆட்சியின் தொடக்கத்திலேயே, பணியில் இருந்த ஒரு மேஜர் அமைச்சரவைச் செயலாளரானார். அந்தப் பதவி அதிபரின் இராணுவச் செயலகத்துக்குக் கீழ் வருகிறது, ஆகவே விதிமீறல் இல்லை என்று விளக்கம் தரப்பட்டது. சில மாதங்களில் அவர் லெஃப்டினன்ட் கர்னலாகப் பதவி உயர்வும் பெற்றார். 2025 பிப்ரவரியில் நாட்டின் அரிசிக் கையிருப்பைக் கவனிக்கும் புலோக் நிறுவனத்தின் தலைவராக, பணியில் இருந்த ஒரு மேஜர் ஜெனரல் வந்தார். அந்த நிறுவனம் பழைய 10-இலும் இல்லை. பின்பு வந்த 14-இலும் இல்லை.

அடுத்த மாதம் வந்த சட்டத் திருத்தம் பேரிடர் நிர்வாகம், எல்லை நிர்வாகம், கடல் பாதுகாப்பு, பயங்கரவாத ஒழிப்பு, தலைமை வழக்குரைஞர் அலுவலகம் ஆகியவற்றைப் பட்டியலில் சேர்த்தது. இவற்றில் சிலவற்றில் ஏற்கெனவே சீருடை அதிகாரிகள் இருந்தார்கள். நடைமுறையைச் சட்டத்துக்கு ஏற்றபடி திருத்துவதற்குப் பதில், சட்டம் நடைமுறைக்கு ஏற்றபடி திருத்தப்பட்டது என்பதே விமர்சகர்களின் வருத்தம். அதே நேரம், பட்டியலில் இல்லாத பதவிகளில் இருப்பவர்கள் விலக வேண்டும் என்று ஆயுதப் படைத் தலைவர் அகுஸ் சுபியந்தோ கூறினார். பழைய இரட்டைப் பணி திரும்பாது என்று அரசாங்கமும் உறுதி சொன்னது.

போலீஸ் விஷயத்தில் நீதிமன்றம் எதிர்த்திசையில் சென்றது. 2002 போலீஸ் சட்டம் விலகிய பிறகே வெளிப்பதவி என்று சொன்னாலும், அதன் விளக்கக் குறிப்பில் ஒரு சொற்றொடர் ஒளிந்திருந்தது. போலீஸ் தலைவரின் உத்தரவின்பேரில் அனுப்பப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது என்று வாசிக்க அது இடம் தந்தது. அந்த ஒரு வரியின் பலத்தில் ஏராளமான போலீஸ் அதிகாரிகள் அமைச்சுகளிலும் வாரியங்களிலும் பணியாற்றினர். 2025 நவம்பர் 13-ஆம் தேதி அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தச் சொற்றொடரை நீக்கித் தீர்ப்பளித்தது. ஆனால் டிசம்பரிலேயே போலீஸ் தலைவர் புதிய ஒழுங்குமுறை ஒன்றை வெளியிட்டார். 17 அமைச்சுகளிலும் அமைப்புகளிலும் போலீசார் பணியாற்றலாம் என்றது அது. நீதிமன்றம் மூடிய கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவா என்று சட்ட வல்லுநர்கள் கேள்வி எழுப்பினர்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வள்ளுவர் அமைச்சுக்குத் தனி அதிகாரம் வைத்தார். படைக்கும் தனி அதிகாரம் வைத்தார். இரண்டும் ஓர் அரசுக்கு வேண்டியவை. ஆனால் ஒன்றின் இலக்கணம் மற்றதற்குப் பொருந்தாது. அஞ்சாமல் கட்டளையை நிறைவேற்றுவது படைக்கு அழகு. ‘இது சரியில்லை’ என்று மேலிடத்துக்கு எடுத்துச் சொல்வது அமைச்சுக்கு அழகு.

இனி எந்த நாட்டிலாவது ஓர் இராணுவ அல்லது போலீஸ் அதிகாரி சிவில் பதவிக்கு நியமிக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், அவர் நல்லவரா, திறமைசாலியா என்ற விவாதத்துக்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அவருடைய அடுத்த பதவி உயர்வை யார் முடிவு செய்கிறார்? அவர் தவறு செய்தால் எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? வேலை முடிந்ததும் அவர் எங்கே திரும்பிப் போவார்? மூன்றுக்கும் பதில் ‘பாசறை’ என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த நாற்காலி பொதுமக்களிடமிருந்து ஓரடி தள்ளிப் போய்விட்டது என்று பொருள்.

இந்தோனேசியா இந்தப் பாடத்தைக் கற்க 32 ஆண்டுகள் ஆயின. 1998-இல் அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் மாணவர்கள். 2025-இல் மீண்டும் தெருவுக்கு வந்து நினைவூட்டியவர்களும் மாணவர்களே. அவர்களில் பெரும்பாலோர் சுகார்த்தோ பதவி விலகிய பிறகு பிறந்தவர்கள்.